மை காய்ந்த பிறகும் நமக்கு வேலை உண்டு!

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் நின்றபோது, பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மாள் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மோந்துக்கிட்டே வாங்கம்மா. இல்லேன்னா வளைவுலே வயித்தைப் புரட்டிடும்."

அவள் சொன்னது சரிதான். கொல்லிமலைக்கு ஏறும் அந்தச் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! பத்தாவது வளைவிலேயே எனக்குத் தலை சுற்றியது. அந்த அம்மாளோ, சேந்தமங்கலத்தில் வாங்கிய மளிகைச் சாமான் மூட்டையைக் காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பதுபோல் வந்தாள். பேச்சு எங்கெங்கோ போய், கடைசியில் தேர்தலில் வந்து நின்றது.

"நாங்க ஒரு தடவைகூட ஓட்டை விட்டதில்லீங்க. கூலிக்குப் போகாட்டிப் போச்சுன்னு, விடிஞ்சதும் சமைச்சு வெச்சுட்டுப் போயிடுவோம். ஆமா, நீங்க எத்தனை தடவை போட்டிருப்பீங்க?"

சகோதரிகளே, என் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நாலு எழுத்துப் படித்தவள், பத்திரிகைக்கு எழுதுகிறவள், கல்யாணமான புதிதில் இரண்டு தேர்தல்களில் ஓட்டே போடவில்லை. காரணம்? பிறந்த வீட்டு ஊரில் இருந்த பெயரைப் புகுந்த வீட்டு ஊருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஓடியவள், காஸ் இணைப்புக்கு அலைந்தவள், இதற்கு மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டேன். முழுக்க முழுக்க என் சோம்பல்தான்.

மலையில் கூலிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு இருந்த கவலை எனக்கு இல்லையே என்ற வெட்கத்தோடுதான் மேலே போய் இறங்கினேன். அந்த வெட்கத்தின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

"இன்னாரின் மனைவி"

ஓட்டுரிமை நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1921-ம் வருஷத்தில் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானம் செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களிலே இதில் நாம்தான் முந்தி! ஆனால் அது சொத்துள்ள சில பெண்களுக்கு மட்டுமே கிடைத்தது. எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு என்பது சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில்தான் வந்தது.

1951-52-ல் நடந்த அந்தத் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களுக்கு ஒரு விசித்திரமான சங்கடம் ஏற்பட்டது. வட மாநிலங்கள் பலவற்றில் பெண்கள் தங்கள் பெயரையே சொல்ல மறுத்தார்கள். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் தாய்" என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அந்நிய ஆணிடம் பெயரைச் சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விளைவு, ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஒரு பெயரைச் சொல்லக் கூசியதால் 28 லட்சம் ஓட்டுகள் போயின!

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டின் வாக்காளர் 6 கோடியே 23 லட்சம் பேர். அதில் பெண்கள் 3 கோடியே 17 லட்சம். ஆண்கள் 3 கோடியே 6 லட்சம். ஆமாம், நாம்தான் அதிகம்! ஆனால் பெயரைச் சொல்லிவிட்டதால் மட்டும் ஓட்டு நம்முடையதாகிவிடுமா? "வீட்டிலே யாருக்குப் போடச் சொல்றாங்களோ அவங்களுக்கு" என்று பதில் சொல்லும் பெண்கள் மலையிலும் உண்டு. மாடி வீட்டிலும் உண்டு.

நாட்டுக்கு நாடு ஒரு பஞ்சாயத்து

கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயரைக் கேட்டாலே ஓர் அழகு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, திருப்புளி நாடு என்று எல்லாமே "நாடு"தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலையல்லவா? செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடிப் பெருக்குச் சமயத்தில் விழாவும் எடுக்கிறார்கள்.

இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் பேசுகிறவர்கள், மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். இந்த மலை அடங்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு, மற்றது ஏற்காடு.

பழைய நாளில் இங்கே ஊர்க் கவுண்டர், நாட்டார் என்று பரம்பரையாக வந்த பெரியவர்கள்தான் நியாயம் பேசினார்கள். எல்லாரும் ஆண்கள். பெண்ணைப் பற்றிய வழக்கானாலும் பேசுவது ஆண்கள்தான். 1992-ல் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதை மாற்றின. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆயிற்று. 2016-ல் அது சரிபாதியாக உயர்ந்தது. அந்தச் சரிபாதி ஒதுக்கீட்டுடன் கிராமங்களில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்தான். நாமக்கல் மாவட்டமும் அப்போதே வாக்களித்தது. 2025 ஜனவரியில் அவர்களுடைய ஐந்து வருஷம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

"பெண் தலைவியாக இருந்தால் மட்டும் என்ன? கையெழுத்து அவள் போடுவாள், காரியம் புருஷன் பார்ப்பான்" என்று கேலி பேசுகிறவர்களை நானும் கேட்டிருக்கிறேன். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். முதன்முதலில் சமைக்கும்போது நம்மில் யார் உப்பைச் சரியாகப் போட்டோம்? அடுப்படிக்குள் விட்டதால்தானே கற்றோம்! நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நாற்காலி பழகும். அந்த நாற்காலியின் எதிரே பெஞ்சில் நாம் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால், தலைவிக்கும் தைரியம் வரும். பின்னால் நிற்கும் புருஷனுக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

அந்த பெஞ்சுக்குப் பெயர்தான் கிராம சபை.

சட்டசபைக்குப் போக முடியாது; கிராம சபைக்குப் போகலாமே!

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் நம்மை நியமிக்க வேண்டியதில்லை. யாரும் நீக்கவும் முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்த சபை, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்றும் கூடுகிறது. வருஷத்துக்கு ஆறு நாள். நம் வீட்டில் வரும் பண்டிகைகளைவிடக் குறைவுதான்!

எத்தனை பேர் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜனத்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். அடுத்து என்ன வேலை செய்வது, வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்குத் தகுதி என்பதெல்லாம் அங்கே வர வேண்டும்.

"அரசியல் நமக்கெதற்கு?" என்கிறீர்களா? சரி, அரசியலை விடுங்கள். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. டாக்டரிடம் ஓடுகிறோம், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம். ஆனால் குடிக்கிற தண்ணீர் வரும் மேல்நிலைத் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று? குளோரின் போடுகிறார்களா? இதை டாக்டரிடம் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் கிராம சபை. அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறதா? பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லையா? தெரு விளக்கு எரியாததால் மகள் டியூஷனுக்குப் போகப் பயப்படுகிறாளா? இவையெல்லாம் வீட்டு விஷயமா, நாட்டு விஷயமா, நீங்களே சொல்லுங்கள்.

சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிப்பழம் விற்ற ஒரு பெண்ணிடம், "நீங்கள் சபைக்குப் போவதுண்டா?" என்று கேட்டேன்.

"முந்தியெல்லாம் ஆம்பளைங்க போயிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவாங்க. இப்ப நாங்க குழுவாப் போறோங்க. தனியாப் போனா வாய் வராது. நாலு பேராப் போனா ஒருத்திக்காவது வாய் வந்துடும்!" என்று சொல்லிச் சிரித்தாள்.

இதைவிட நல்ல யோசனையை எந்தப் பெரிய புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சுய உதவிக் குழுவில் பணம் சேர்க்கத் தெரிந்த நமக்குக் குரல் சேர்க்கத் தெரியாதா?

போகும்போது ஒரு விஷயம். கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "தண்ணீர்க் கஷ்டம்" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளாக என்று எழுதுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த சபையில், "போன தடவை எழுதினோமே, என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பலம் அதிகம்.

உரலில் இடித்தது சட்டத்தில் ஏறியது

அடுப்படிக் கஷ்டம் அரசாங்கக் கொள்கையாக ஆகுமா? கொல்லிமலையிலேயே உதாரணம் இருக்கிறது.

இந்த மலையின் பழைய சாப்பாடு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக் கிழங்கு பயிரிட்டால் கையில் ரொக்கம் வந்தது. சிறுதானிய நிலம் சுருங்கிக்கொண்டே போனது. பணம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பெண்களிடம்தான் கேட்க வேண்டும். சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டு உலக்கையால் இடித்து, புடைத்து, மறுபடி இடித்து... ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை பாடு! ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் சாத்தியதற்கு யாரையாவது குறை சொல்ல முடியுமா?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களின் பிற்பகுதியில் இங்கே வேலை செய்தபோது இந்தக் கஷ்டம் வெளியே வந்தது. விதையைக் காப்பாற்று என்று மட்டும் சொன்னால் போதாது, இடிக்கும் பாட்டைக் குறைக்க வேண்டும் என்று உமி நீக்கும் இயந்திரங்களை வைத்தார்கள். விதை வங்கிகள் வந்தன. மகளிர் குழுக்கள் சிறுதானிய மாவும் அரிசியும் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கின. சிறுதானியத்தை ரேஷனில் சேர்க்க வேண்டும் என்று சுவாமிநாதன் வலியுறுத்தி வந்தார். 2013-ம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்துக்கும் இடம் கிடைத்தது. 2018-ல் மத்திய அரசு அவற்றைச் சத்துத் தானியங்கள் என்று அறிவித்தது. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளை பெற்ற இளம் தாய்மாருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தானியம் ரேஷனில் வர வேண்டும் என்பதும் நம்முடைய ஓட்டைச் சேர்ந்த விஷயம்தான். "கடையில் என்ன போடுகிறார்களோ அதை வாங்கு" என்று இருந்தால், என்ன போடுவது என்பதை வேறு யாரோதான் முடிவு செய்வார்கள்.

பட்டாவில் இரண்டு பெயர்

மலைப் பெண்களுக்கு இன்னொரு பெரிய விஷயம் காடு. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாகக் காட்டு நிலத்தில் பயிர் செய்து வாழும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை தருகிறது. உரிமை கேட்கும் மனு முதலில் வருவது கிராம சபைக்குத்தான். அந்தச் சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது 2012-ல் வந்த விதி. பெண்கள் வராவிட்டால் கூட்டமே செல்லாது! மனுக்களைப் பரிசீலிக்கும் வன உரிமைக் குழுவிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, உரிமைப் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும் என்ற பிரிவு. நாளைக்கே கணவன் குடித்துவிட்டு, "என் நிலம், நான் விற்பேன்" என்று சொல்ல முடியாது; இந்த நிலத்தை யாருமே விற்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவினால் பல வருஷம் பத்திரம் வழங்க முடியாமல் இருந்து, 2016-ல்தான் அந்தத் தடை நீங்கியது. சட்டம் வந்துவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

பட்டணத்துச் சகோதரிகளுக்கு...

"இதெல்லாம் கிராமத்துச் சமாசாரம், எங்கள் ஊர் மாநகராட்சி" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2022 நவம்பர் முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. குப்பை, சாக்கடை, கொசு, குடிநீர் எல்லாம் அங்கே பேசலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறை தீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். பதில் வரவில்லையா? 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு தாளில் கேள்வி எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மளிகைக்காரரிடம் எட்டணாவுக்குக் கணக்குக் கேட்கிற நமக்கு, நம் வரிப் பணத்துக்குக் கணக்குக் கேட்கத் தெரியாதா என்ன?

தேர்தலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

* கல்யாணமாகியோ, வீடு மாறியோ வந்திருந்தால் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். பெயர், வயது பிழைக்கும் அதே படிவம்தான். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6.

* பதினெட்டு வயதாகும் மகன், மகளுக்கு ஜனவரி 1 மட்டுமல்ல. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளும் கணக்கு. பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி மனுச் செய்யலாம்.

* பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பாருங்கள். கார்டு கையில் இருந்தால் போதாது. பட்டியலில் பெயர் வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் வந்தது நினைவிருக்கும். அதை அலமாரியில் வைத்து மறந்தவர்களும் உண்டு. சந்தேகம் வந்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

* கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று கவலை வேண்டாம். இடுப்பில் வைத்துக்கொண்டே வாக்குச்சாவடிக்குள் போகலாம். பெண்களுக்குத் தனி வரிசை உண்டு.

* மாமியாரோ தாயாரோ 85 வயதைத் தாண்டியிருந்தால் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க ஏற்பாடு செய்யலாம். 2024 மக்களவைத் தேர்தலில் பலர் அப்படி வாக்களித்தார்கள்.

* உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். நீங்கள்தான் அவர் என்று நிரூபித்துவிட்டு, "டெண்டர் ஓட்டு" வேண்டும் என்று தலைமை அலுவலரிடம் கேளுங்கள். வாக்குச்சீட்டுத் தருவார்.

* ஓட்டுக்கு வரும் பணமும் குடமும் புடவையும் வேண்டாம். வாங்கிய கையால் பிறகு கேள்வி கேட்க முடியாது.

திரும்பும் வழியில்...

இதே நாமக்கல் மாவட்டத்தில் போதமலை என்று இன்னொரு மலை இருக்கிறது. சாலை இல்லாததால் தேர்தலுக்குத் தேர்தல் அதிகாரிகள் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு நடந்தே ஏறியிருக்கிறார்கள். நமக்காக ஒரு பெட்டி அத்தனை தூரம் மலை ஏறி வருகிறது. நாமோ, அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போக வெயிலைப் பார்க்கிறோம்!

இறங்கும் பஸ்ஸில் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது, தலை சுற்றவில்லை. ஏறும்போது பக்கத்தில் இருந்த அம்மாள் விரலை நீட்டிச் சொன்ன வார்த்தைதான் நினைவில் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இந்த மை ஒரு மாசத்துலே அழிஞ்சுடுதுங்க. அதுக்கப்புறம் அவங்களும் மறந்துடுறாங்க, நாமளும் மறந்துடுறோம்."

நாம் மறக்காமல் இருப்போம். அடுத்த கிராம சபை எந்தத் தேதியில் என்று இன்றைக்கே காலண்டரில் வட்டம் போடுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே போட்டால்கூடப் போதும். அன்றைக்குச் சமையலைக் கொஞ்சம் முன்னாலேயே முடித்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காளையும் எதிர்வீட்டுப் புது மருமகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். நாலு பேராகப் போனால் ஒருத்திக்காவது வாய் வந்துவிடும்!